பதினொரு மணிச் சட்டம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வலது கை வேதப் புத்தகத்தின் மேல் இருக்கிறது. இடது கை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் இருக்கிறது. யாரும் நம்பமாட்டார்கள் என்று குறைத்துச் சொன்ன இடங்கள் சில உண்டு. கூட்டிச் சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து மலைப்பக்கத்து டன்னிகன் ஊரில், 2011-ஆம் வருஷத்து ஈஸ்டர் ஞாயிறன்று, டாயில் ஸ்டபிள்ஃபீல்டின் வலது கால் பாப்டிஸ்ட் சபையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே பதிந்தது. கால் மட்டும்தான். மற்ற உடம்பு வெளியே நின்றது. மனைவி ஒலீட்டா இரண்டு கையாலும் பீன்ஸ் காசரோல் பாத்திரத்தைப் பிடித்திருந்ததால் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அந்தக் கால் உள்ளே போனது. போன கால் உடனே திரும்பி வரவில்லை. முதல் பாட்டின் இரண்டு சரணம் முடியும்வரை அங்கேயே இருந்தது.

இதிலென்ன அதிசயம் என்றால், கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அந்தக் கால் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

டாயிலுக்குப் பதின்மூன்று வயதானபோது, 'இரட்சிப்பு வேண்டுவோர் முன்னால் வாருங்கள்' என்று போதகர் அழைத்த நேரத்தில், அவன் அப்பா அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். ஞானஸ்நானத் தொட்டிக்குள் நனையாமல் போனான், நனைந்து வந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. இனி வந்தால் என் காலால் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். தீர்மானித்ததை மாற்றுவது ஸ்டபிள்ஃபீல்டு வம்சத்தில் வழக்கமில்லை. அவன் தாத்தா ஒரு கோவேறு கழுதையோடு பிடிவாதம் பிடித்து ஒன்பது நாள் ஒரே இடத்தில் நின்றார். கழுதைதான் முதலில் நகர்ந்தது.

கல்யாணமான புதிதில் பதினோரு வருஷம் ஒலீட்டாவை நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இறக்கிவிட்டு, அங்கேயே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பான். பிறகு ஒரு வருஷம் சபையின் சரளைக்கல் மைதானத்துக்குள் வண்டி வந்தது, கடைசி ஓரத்தில். அடுத்த வருஷம் ஒரு வண்டி இடம் முன்னால். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. அப்படியே முப்பது வருஷம். அவர்கள் நாய் பிஸ்கட் பொறுமையில்லாத பிராணி. ஒன்பது வருஷம் முன்பே தனியாக உள்ளே போய்க் கடைசி பெஞ்சுக்கு அடியில் இடம் பிடித்துவிட்டது. சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்களில் இரண்டு பேரைவிட ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் ஒலீட்டா அவனை 'உள்ளே வா' என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கர்த்தரை நச்சரித்தாள், அது வேறு விஷயம். அவனை நச்சரிக்கவில்லை.

ஈஸ்டரன்று சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, டாயில் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல் கேட்டான்:

"கடைசி பெஞ்சில ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"பாத்தாத்தான் தெரியும்" என்றாள் ஒலீட்டா. சொல்லிவிட்டு, கையிலிருந்த தட்டை அதன் பூவேலை அழிந்துபோகும்வரை கழுவினாள். திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடுவான் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை, வட்டாரத்தை நிர்வகிக்கும் கவுண்டி மன்றம் சட்டம் போட்டது.

சட்டத்தைக் கொண்டுவந்தவன் கார்லண்ட் டீக். சபையில் டீக்கன், மன்றத்தில் உறுப்பினன். கெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒலீட்டாவுக்கு அடுத்த பெஞ்சு. ஊர் எல்லையிலிருந்த சாராயக் கடையை ஓட்டெடுப்பு நடத்தி மூடவைத்தவன் அவன்தான். அன்றைக்கு அவனோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவளும் ஒலீட்டாதான். இப்போது அவன் எழுதிய சட்டம் மூன்றே வரி. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு தேவாலயத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராதவர் திங்கட்கிழமை முழுக்கக் கவுண்டி நீதிமன்றத்து மரவேலிக்கு வெள்ளை அடிக்க வேண்டும். வருகைக்குச் சபைகள் அட்டை கொடுத்து முத்திரை குத்த வேண்டும்.

இது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது என்று கவுண்டி வக்கீல் சொல்லிப் பார்த்தார். நிற்க வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்தால் போதும் என்றான் கார்லண்ட். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கை தூக்கினார்கள். ஒன்பதாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

டாயில் அந்த நோட்டீஸைத் தீவனக்கடைச் சுவரில் படித்தான். வீட்டுக்கு வந்தான், தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.

"அந்தக் கடைசி பெஞ்சு சமாச்சாரம்" என்றான், "நான் ஒண்ணும் கேக்கலேன்னு வெச்சுக்க."

"டாயில்..."

"எங்கப்பன் காலரைத்தான் புடிச்சான். இவனுங்க போலீசை அனுப்புறானுங்க."

அதோடு வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். அடுத்த ஞாயிறு நெடுஞ்சாலைத் திருப்பத்தோடு சரி என்று அந்த வண்டி நின்ற நிற்பிலேயே தெரிந்தது. நாற்பத்தோரு வருஷம் மூன்று வரியில் போயிற்று. ஒலீட்டா சமையலறையில் நின்று, கோபத்தில் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது. அது மின்சார அடுப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்கு முன்னால் சபையின் சமையலறையில் சாப்பாடு உண்டு. கார்லண்ட் சோளரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஒலீட்டா எதிரில் வந்து நின்றாள். ஊரில் நடக்கும் அநியாயங்களை அவன் வரிசையாக எடுத்து வைத்தான். போதை மாத்திரை, குடி, ஞாயிறு காலையில் ஆற்றில் படகு. கொலை செய்யாதே என்பதும் ஒழுக்கம்தானே, அதைச் சட்டத்தில் வைக்கவில்லையா, அப்புறம் எந்த இடத்தில் கோடு போடுவாய் என்று கேட்டான். அது நல்ல கேள்வி என்று அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டாதேன்னு சட்டம் போடு, மொதக் கையெழுத்து நான் போடறேன். அது அடுத்தவன் உசிரு. இது டாயிலோட முழங்காலு கார்லண்ட். அதை மடக்க வேண்டியது அவன்."

"முழங்கால் மடங்கலேன்னாலும் காது கேக்குமில்ல? உள்ள வந்து உக்காந்தா ஒரு வார்த்தையாவது விழும்."

"நாம யாரு? பாப்டிஸ்ட். கைக்குழந்தைக்குக்கூட ஞானஸ்நானம் குடுக்க மாட்டோம், ஏன்? அது வளந்து, தானா வந்து கேக்கணும். இப்படிச் சொன்னதுக்காக நம்ம பெரியவங்க ஜெயிலுக்குப் போனாங்க. அவங்க பேரப்புள்ள நீ, அறுபத்தெட்டு வயசுக் கெழவனுக்குச் சம்மன் அனுப்பற."

கார்லண்ட் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, ஓட்டெடுத்தாகிவிட்டது சிஸ்டர் ஒலீட்டா, சட்டம் சட்டம்தான் என்றான். பேரோடு அவன் 'சிஸ்டர்' சேர்ப்பது மன்றத்து ஆளாகப் பேசும்போது மட்டும்.

"சரி பிரதர் கார்லண்ட்" என்றாள் அவள். "நான் உக்கார மாட்டேன்."

பிறந்த பத்தாம் நாளிலிருந்து ஒலீட்டா ஆராதனைக்குப் போகாத ஞாயிறு கிடையாது. பெரும் பனிப்புயல் வருஷத்தில்கூடக் கதவைப் பெயர்த்துச் சறுக்குப் பலகையாக்கிக்கொண்டு போனவள். அந்த ஞாயிறன்று பதினொரு மணிக்கு, நல்ல உடுப்பு போட்டு, மடியில் காசரோல் பாத்திரத்தோடு, நெடுஞ்சாலைத் திருப்பத்தில் டாயில் பக்கத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சபைக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. அவள் வாய்க்குள் கூடவே முணுமுணுத்தாள். டாயில் சாலையைப் பார்த்துக்கொண்டே, நீ போக வேண்டியதுதானே, உனக்கென்ன வந்தது என்றான்.

"உனக்காக ஒண்ணும் இங்க உக்காரல கெழவா. எனக்காக."

பதினொன்று ஐந்துக்குப் போலீஸ் வண்டி வந்தது. இறங்கியவன் லானி, துணை ஷெரிப், இருபத்தாறு வயது. சபையின் ஞாயிறு பள்ளியில் ஒலீட்டாவிடம் ஆறு வருஷம் படித்தவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"டீச்சர், எழுதறதைத் தவிர வேற வழியில்ல எனக்கு."

"எழுது கண்ணு. பேருல ரெண்டு டி வரும், அழகா எழுது. மணி என்ன ஆகுது லானி?"

"பதினொண்ணு ஏழு டீச்சர்."

"நீ எந்த பெஞ்சில உக்காந்திருக்க?"

லானி நின்றான். தன் காலைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். சட்டத்தில் போலீசுக்கு விலக்கு எழுத கார்லண்ட் மறந்திருந்தான். லானி நேர்மையான பையன். அவளிடம் படித்தவன் வேறெப்படி இருப்பான். ஒலீட்டாவுக்கும் டாயிலுக்கும் எழுதிவிட்டு, மூன்றாவது சீட்டை எடுத்து, தன் பெயரைத் தன்னிடமே கேட்டு, முகவரியைச் சரிபார்த்து, எழுதிக் கிழித்துத் தன் கையில் கொடுத்துக்கொண்டு, நன்றி சொன்னான்.

அதற்கப்புறம்தான் சட்டத்தை எல்லோரும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தார்கள். ஆராதனை நேரத்தில் பின்னறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நான்கு பெண்கள் பெஞ்சில் இல்லை. மதியச் சாப்பாட்டைச் சூடாக்கும் மூன்று பேர் பெஞ்சில் இல்லை. பாடகர் குழு நிற்கிறது. பியானோ வாசிப்பவளுக்கு முக்காலி. லானி அடுத்த ஞாயிறு உள்ளே போய் இவர்கள் எல்லோருக்கும் மரியாதையாகச் சீட்டு எழுதினான். போதகர் மெர்ல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சட்டத்தை மூன்று தடவை வாசித்துப் பார்த்தார். பிரசங்க மேடைக்குப் பின்னால் முப்பது வருஷமாக நின்றுகொண்டே இருந்திருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிறு முழு முத்திரை பெற்ற அட்டை நாய் பிஸ்கட்டுடையது.

திங்கட்கிழமைகளில் வேலிக்கு வெள்ளை அடித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கட்டை. முதல் வாரம் மூன்று பேர், இரண்டாம் வாரம் இருபத்துமூன்று பேர். மூன்றாம் வாரம் ஊரே நின்றது. ஏனென்றால் மூன்றாவது ஞாயிறு எல்லோரும் தங்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் திருப்பத்துக்கே வந்துவிட்டார்கள். உள்ளே போனாலும் சீட்டு, போகாவிட்டாலும் சீட்டு, ஒலீட்டா பக்கத்திலாவது இருப்போம் என்று போதகர் சொன்னாராம். எழுபது வண்டிகள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தன.

டாயிலுக்கு எரிச்சல். அந்தத் திருப்பத்தில் பதினோரு வருஷம் தனியாக உட்கார்ந்து பழகியவன். "சர்ச்சுக்கு வராம இருக்கறதுக்குன்னு ஒரு எடம் வெச்சிருந்தேன்" என்றான் ஒலீட்டாவிடம். "இப்ப சர்ச்சே இங்க வந்து நிக்குது."

"வேணும்னா நீ கெளம்பு."

"நான் ஏன் கெளம்பணும்? மொதல்ல வந்தவன் நான்."

அன்றைக்குச் சபைக்குள் இருந்தது கார்லண்ட் மட்டும்தான், கடைசிக்கு முந்தின பெஞ்சில், கையில் அட்டையோடு. முத்திரை குத்த ஆள் இல்லை. மணியடிக்கவும் ஆள் இல்லை. பதினொரு மணிக்கு மணி அடிக்காமல் அந்தச் சபையில் ஆராதனை தொடங்கியதே கிடையாது என்பதால் எழுந்துபோய்க் கயிற்றை இழுத்தான். லானி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான், சீட்டை எடுத்தான்.

திங்கட்கிழமை கார்லண்ட் தூரிகையோடு வந்தபோது, காலியாக இருந்தது ஒலீட்டாவின் பக்கத்து இடம் ஒன்றுதான். இருவரும் ஒரு மணி நேரம் அடித்தார்கள். அதற்குள் வேலியில் பூச்சு அவ்வளவு தடித்துவிட்டது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தூரிகை நுழையவில்லை.

"நீ என்னைச் சிரிப்புப் பொருளாக்கிட்ட" என்றான் கார்லண்ட்.

"நீயாவே ஆயிட்ட."

"வேடு செத்தது ஞாபகமிருக்கா உனக்கு?"

வேடு அவன் மகன். பத்தொன்பது வயதில், சனிக்கிழமை ராத்திரி, குடித்துவிட்டுப் பாலத்துச் சுவரில் வண்டியை மோதியவன். சவ அடக்கத்துக்கு ஒலீட்டாதான் பியானோ வாசித்தாள்.

"பசங்க உள்ள உக்காந்திருந்தா வெளிய சாக மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான். "அவ்வளவுதான் ஒலீட்டா. வேற ஒண்ணுமில்ல."

அவளுக்குக் கை நின்றது. இரக்கப்பட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். சும்மா இருந்தால் அது பொய்.

"வேடு உள்ளதான் உக்காந்திருந்தான் கார்லண்ட். பதினெட்டு வருஷம், ஒரு ஞாயிறு விடாம. நீதான் கொண்டாந்து உக்கார வெச்ச. என் வகுப்புல அவன் ஜன்னலையே பாத்துக்கிட்டிருப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, நானும் கேக்கல. உக்காந்திருக்கான், அது போதும்னு இருந்துட்டோம்."

கார்லண்ட் மறுபடி தூரிகையை எடுத்தான். ஒரே கட்டையை நான்கு தடவை அடித்தான். மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோதும் அவன் எழவில்லை. அவள் காசரோலிலிருந்து ஒரு தட்டில் போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மன்றம் கூடியது. கூடியது நீதிமன்றத்துக்கு வெளியே, புல்தரையில். வெள்ளை உறைந்து வாசற்கதவு வேலியோடு சேர்ந்துவிட்டதால் உள்ளே போக வழியில்லை. ஊர் முழுக்க வந்திருந்தது. சட்டத்தை நீக்க வேண்டும் என்று சட்டம் போட்ட அன்று தூங்கிய உறுப்பினர் முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டெடுப்பே கிடையாது. மற்றவர்கள் கார்லண்டைப் பார்த்தார்கள். அவனுக்கு எதிராக முதலில் வாய் திறக்க அவர்களுக்குத் தைரியமில்லை. கார்லண்ட் நகத்திலிருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வழிமொழியறேன்" என்றான்.

சட்டம் போன பிறகு எழுந்து நின்று இன்னொன்றும் சொன்னான். சாராயக் கடைக்காரர்கள் வருகிற நவம்பரில் மறுபடி ஓட்டெடுப்பு கேட்கப் போகிறார்கள், நான் குறுக்கே நிற்பேன், இதில் தோற்றேன் என்று அதில் விட்டுவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்றான்.

"அதுக்கு நான் வரேன்" என்றாள் ஒலீட்டா கூட்டத்திலிருந்து. "நோட்டீஸ் ஒட்டப் பசை நான் காய்ச்சறேன். ஆனா மறுபடி யாருக்காவது பெஞ்சு எழுதிவெச்சே, திருப்பத்துல வண்டியில இருப்பேன், பாத்துக்க."

"தெரியும்" என்றான் கார்லண்ட்.

வீட்டுக்குப் போகும் வழியில் டாயில் ஒன்றும் பேசவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி, பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த நான்கு நாளும் ஒலீட்டா கர்த்தரிடம் பேசிய பேச்சில் கர்த்தர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

ஞாயிறு காலை வண்டி திருப்பத்தில் நின்றது. டாயில் இன்ஜினை அணைத்தான், சாலையைப் பார்த்தான். ஒலீட்டா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் அதுவும் ஒரு சம்மன்தான் என்று தோன்றியதால் பார்க்கவில்லை. உள்ளே போனாள். கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஓர் ஆள் இடம் மிச்சமிருந்தது. பிந்தி வந்த ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டாள். ஒலீட்டாவுக்கு 'ஆமாம்' நாக்கு நுனிவரை வந்தது. "இல்லம்மா, உக்காரு" என்றாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. போதகர் வசனத்தை வாசிக்கத் தொடங்கினார். வெளியே சரளைக்கல்லில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம், நடுவில் நின்றது, மறுபடி கேட்டது. கதவு திறந்தது.

டாயில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பின் பெஞ்சுகளெல்லாம் நிறைந்திருந்தன. பாப்டிஸ்ட் சபையில் காலியாக இருப்பது முன் பெஞ்சுதான். அவன் நடுவழியில் நடந்தான். பலகை ஒவ்வொன்றும் முனகியது. ஒலீட்டா பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாள். புத்தகத்தில் அவள் விரல் பதிந்த பள்ளம் பத்து.

முன் பெஞ்சருகே போய் நின்று போதகரைப் பார்த்துச் சொன்னான்: "என்னை யாரும் கூப்பிடல. அதைத் தெரிஞ்சுக்கங்க பாஸ்டர்."

"நானும் கூப்பிடல பிரதர்" என்றார் மெர்ல். "உக்காரணும்னா உக்காருங்க."

டாயில் உட்காரவில்லை. நேராக நின்றான், கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் முழுக்க, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி பெஞ்சில் ஒலீட்டா எழுந்து நின்றாள். அப்புறம் லானி. அப்புறம் ஒவ்வொருவராகச் சபை முழுதும். கார்லண்ட் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு உட்கார வேண்டியிருந்தது. அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தேகமிருப்பவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம், ஒரே ஒரு சிக்கல்: டன்னிகன் ஊர் 1951-இல் அணை கட்டியபோதே சபையோடு சேர்ந்து ஏரிக்குள் போய்விட்டது; அங்கே இப்போது தண்ணீர் அறுபதடி ஆழம்.